கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி: நாலு கொட்டேஷன், நாலு கணக்கு

சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டிப் பழகியவர்களுக்கு கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியை, அதாவது தீவிர நோய்க் காப்பீட்டை விளக்குவது சுலபம். பயிர்க் காப்பீட்டில் உங்கள் வயலில் எவ்வளவு நஷ்டம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வருவாய்க் கிராமத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும். ஊரின் சராசரி மகசூல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியிருந்தால் பணம் வரும். இறங்காவிட்டால் உங்கள் பயிர் முழுக்க அழுகியிருந்தாலும் வராது. கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியும் இதே மாதிரிதான். ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்ற கேள்வியே அதில் இல்லை. வந்த நோய் பாலிசியில் எழுதியிருக்கும் இலக்கணத்துக்குள் (வரையறைக்குள்) வருகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. வந்தால் 10 லட்சமோ 20 லட்சமோ மொத்தமாகக் கையில் கிடைக்கும். வராவிட்டால் ஒரு ரூபாயும் இல்லை. பில்லைக் கட்டுவது மெடிக்ளைமின் வேலை. இது வேறு சாமான்.

நான் கும்பகோணத்தில் வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவன், இன்சூரன்ஸ் ஏஜென்ட் அல்ல. ஆனாலும் கணக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பாலிசிக் காகிதத்தையும் சேர்த்தே நீட்டுவார்கள். இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் மைத்துனன். மன்னார்குடியில் உரக்கடை, மூணு ஏக்கர் நிலம், 41 வயது. சுகர் இல்லை, பிரஷருக்குத் தினம் ஒரு மாத்திரை. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. “அத்தான், நாலு பேரு நாலு கொட்டேஷன் குடுத்திருக்காங்க. எது கம்மின்னு பாத்துச் சொல்லுங்க” என்று வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான்.

நாலும் நாலு விதம். ஒன்று, டேர்ம் பாலிசியோடு (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் ரைடர். இரண்டாவது, வருஷா வருஷம் புதுப்பிக்கும் தனிப் பாலிசி. மூன்றாவது புற்றுநோய்க்கு மட்டுமானது. நாலாவது, வீட்டுக் கடனோடு சேர்த்துக் கொடுக்கும் குரூப் பாலிசி. விலையை மட்டும் பார்த்தால் மூன்றாவதுதான் கம்மி. அதை வாங்கு என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம், ஆனால் அது பதிலாகாது. ஒவ்வொன்றும் எதற்குப் பணம் தருகிறது, எவ்வளவு காலத்துக்குத் தருகிறது என்பது தெரியாமல் கம்மி, ஜாஸ்தி என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் தொகையை முடிவு செய்ய வேண்டும். அதற்கு, இந்தப் பணம் எந்தச் செலவுக்கு என்று தெரிய வேண்டும்.

மைத்துனன் வீட்டுக்கு மனைவி வழியாக அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. 2021-இல் புதுப்பிக்கப்பட்ட திட்டத்தில் மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் பிடித்தம், குடும்பத்துக்கு 5 லட்சம், பட்டியலில் உள்ள சில பெரிய நோய்களுக்கு 10 லட்சம் என்று இருந்தது. ஆசிரியர் வீடுகளில் பலர் கவனிக்காத விஷயம், அந்த 5 லட்சம் வருஷத்துக்கு அல்ல, நாலு வருஷத்துக்கு. இன்னொரு பக்கம், ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. அதில் ஒரு பைசா பிரீமியம் இல்லாமல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. டயாலிசிஸ், பைபாஸ், கீமோ எல்லாம் அதில் நடக்கின்றன. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த அட்டையின் அருமை புரியும். அட்டைக்குத் தகுதியிருந்தும் எடுக்காமல், ஏஜென்ட் பேச்சைக் கேட்டு வருஷம் ஆறாயிரம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். வி.ஏ.ஓ. கையெழுத்தோடு வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போனால் முடிகிற வேலை.

அட்டையும் இல்லை, அரசு வேலையும் இல்லை, மெடிக்ளைமும் இல்லை என்றால் கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியைத் தள்ளிவையுங்கள். முதலில் மெடிக்ளைம் எடுங்கள். எதை எடுப்பது என்று குழம்பினால் ஆரோக்ய சஞ்சீவனி இருக்கிறது. காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொதுப் பாலிசி, 2020 ஏப்ரலில் வந்தது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றேதான். க்ளெய்மில் 5% நம் கையிலிருந்து போகும். விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கக்கூடிய மருத்துவப் பாலிசி என்று நான் தைரியமாகச் சொல்வது இதை ஒன்றைத்தான்.

சரி, பில் ஒரு வழியாகக் கட்டப்பட்டுவிடும் என்று வைத்துக்கொள்வோம். அப்புறமும் செலவு இருக்கிறது, அதற்கு யாரும் பில் தருவதில்லை. புற்றுநோய் என்றால் நம் பக்கத்து ஆட்கள் அடையாறு, வேலூர், ஜிப்மர் என்றுதான் போகிறார்கள். மன்னை எக்ஸ்பிரஸில் இரண்டு பேர் மாதம் இரண்டு தடவை போய்வருவது, அங்கே வாடகை அறை, சாப்பாடு, ஆட்டோ. ஊரில் உரக்கடை மூடிக் கிடக்கும். குறுவைக்கு ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் அடுத்த சில வாரங்கள்தான் உரக்கடைக்குப் பிழைப்பு. அந்த மாதங்களில் முதலாளி படுத்துவிட்டால் வருஷ வருமானத்தில் பெரும்பகுதி போயிற்று. கடனுக்குக் கொடுத்த உரத்தின் பாக்கியை வசூலிக்கவும் ஆள் இருக்காது. கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணம் மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

ஆகவே தொகையை ஆஸ்பத்திரிச் செலவிலிருந்து கணக்கிடக் கூடாது, வீட்டு வருமானத்திலிருந்து கணக்கிட வேண்டும். மைத்துனன் கையிலிருந்து வீட்டுக்கு வர வேண்டியது மாதம் 40,000. ஒரு பெரிய நோயிலிருந்து எழுந்து பழையபடி கடையில் உட்கார இரண்டு வருஷம் என்று வைத்தால் 24 மாதத்துக்கு 9,60,000. ஆக 10 லட்சம் போதும். கொட்டேஷன் ஒன்றில் 25 லட்சம் போட்டிருந்தார்கள். மனைவிக்கு நிலையான சம்பளம் வரும் வீட்டில் அவ்வளவு தேவையில்லை. அதை 10 லட்சமாக்கியதுமே பிரீமியம் பாதிக்கும் கீழே வந்தது.

ரைடரா, தனிப் பாலிசியா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

ரைடரில் பிரீமியம் பெரும்பாலும் தொடக்கத்தில் போட்டது போட்டபடி நிற்கும். சில நிறுவனங்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றும் உரிமையை வைத்திருக்கும், அந்த வரியைத் தேடிப் பாருங்கள். தனிப் பாலிசியில் வயது ஏற ஏற பிரீமியம் ஏறும். ஒப்பிடும் முறையைக் காட்ட ஒரு கணக்குப் போடுகிறேன். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் இல்லை.

10 லட்சத்துக்கு ரைடர் வருஷம் 7,000 என்று வைப்போம். 41 வயதிலிருந்து 60 வரை 20 வருஷத்துக்கு மொத்தம் 1,40,000. தனிப் பாலிசி முதல் ஐந்து வருஷம் 4,500, அடுத்த ஐந்துக்கு 7,000, பிறகு 11,000, கடைசி ஐந்துக்கு 16,500. கூட்டினால் 1,95,000. ரைடர் 55,000 மலிவு. ஏஜென்ட் இங்கே கால்குலேட்டரை மூடிவிடுவார். நாம் வருஷ வாரியாகக் கூட்டிக்கொண்டே போவோம். பத்து வருஷ முடிவில் ரைடருக்குக் கட்டியது 70,000, தனிப் பாலிசிக்கு 57,500. பதிமூன்றாவது வருஷம் 91,000-க்கு 90,500. பதினாலாவது வருஷத்தில்தான் தனிப் பாலிசி முந்துகிறது. அதாவது 53 வயது முடியும் வரை ரைடர்காரர்தான் அதிகம் கட்டியிருக்கிறார். அதுவும் முன்கூட்டியே கட்டிய பணம். அந்த வித்தியாசத்தை ஆர்.டி.யில் போட்டிருந்தால் வட்டி வேறு.

இதனால் தனிப் பாலிசிதான் நல்லது என்று சொல்ல வரவில்லை. 50-ஐத் தாண்டிய பிறகுதான் இந்த நோய்கள் அதிகம் தாக்குகின்றன. தனிப் பாலிசி விலை ஏறுவதும் அப்போதுதான், ‘கட்ட முடியவில்லை’ என்று விடுவதும் அப்போதுதான். சம்பா மூழ்கிய ஒரு வருஷத்தில் 16,500-க்கு நோட்டீஸ் வந்தால் விவசாய வீட்டில் முதலில் வெட்டப்படுவது இன்சூரன்ஸ்தான். ரைடரின் 7,000 அப்போதைய பண மதிப்பில் சில்லறைக் காசாகத் தெரியும். வருமானம் ஒரே சீராக வராத வீட்டுக்கு ஒரே சீரான பிரீமியம் பெரிய ஆறுதல்.

தனிப் பாலிசிக்குச் சாதகமாக ஒன்று உண்டு. க்ளெய்ம் வராத வரை அதை ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கலாம். ரைடர் டேர்ம் பாலிசியோடு முடிந்துவிடும். ஆனால் இந்தப் பணம் வருமான இழப்புக்கு என்று நாம் முடிவு செய்துவிட்ட பிறகு, 65 வயதில், கடையை மகன் பார்க்கும் காலத்தில், அது எதற்கு? அந்த வயதில் தேவை பெரிய மெடிக்ளைம்தான். அதனால் இந்தச் சாதகத்துக்கு நான் அதிக மதிப்பெண் தரவில்லை. கடைசி வரை தானே கல்லாவில் உட்காரப் போகிற ஆள், வாரிசு இல்லாத தொழில் என்றால் கணக்கு மாறும்.

ரைடரில் ஒரு கண்ணி இருக்கிறது. சில ரைடர்கள் டேர்ம் தொகைக்குமேல் கூடுதலாகத் தரும். சில டேர்ம் தொகையிலிருந்தே எடுத்துத் தரும். இரண்டாவது வகையில், 50 லட்சம் டேர்மில் 10 லட்சம் நோய்க்காக வாங்கிவிட்டால், பிறகு அவர் இறந்தால் குடும்பத்துக்கு 40 லட்சம்தான். அதனால்தான் அது மலிவு. மைத்துனனுக்கு வந்த கொட்டேஷனும் இந்த வகைதான். இரண்டு வகை ரைடரின் கொட்டேஷனும் ‘கிரிட்டிக்கல் இல்னஸ் ரைடர், 10 லட்சம்’ என்றே ஒரே மாதிரி இருக்கும். “இது தனியாத் தர்றதா, உள்ளேருந்து எடுத்துத் தர்றதா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பட்டியல் நீளமா, இலக்கணம் எப்படி

ஒருவர் 20 நோய் என்பார், இன்னொருவர் 60 நோய் என்பார். பிரீமியமும் அதற்கேற்பக் கூடும். பட்டியல் நீளத்துக்காகப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புற்றுநோய், மாரடைப்பு, பைபாஸ், பக்கவாதம், சிறுநீரகம், உறுப்பு மாற்று ஆகியவை எல்லாப் பட்டியலிலும் இருக்கும். 41-வது நோயின் பெயரை நம் டாக்டரே புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

22 தீவிர நோய்களுக்கு ஐஆர்டிஏஐ பொது இலக்கணம் வகுத்திருக்கிறது. அதனால் ‘எங்கள் பாலிசியில் மாரடைப்புக்கு நிபந்தனையே இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாரடைப்பு என்றால் நெஞ்சுவலி, இ.சி.ஜி.யில் புது மாற்றம், ரத்தத்தில் என்சைம் உயர்வு எல்லாம் காட்ட வேண்டும். பக்கவாதம் என்றால் நரம்பு பாதிப்பு நிரந்தரமாக, குறைந்தது மூன்று மாதம் நீடித்ததற்குச் சான்று வேண்டும். ஒரு நாள் வாய் கோணி மறுநாள் சரியாகிவிட்டால் பணம் கிடையாது. புற்றுநோயிலும் பரவத் தொடங்காத ஆரம்பக் கட்டம் விலக்கு.

நம் ஊரில் சண்டை வருவது ஸ்டென்ட்டில். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று தஞ்சாவூரிலோ திருச்சியிலோ காட்டப்போய், அடைப்பு இருக்கிறது என்று ஸ்டென்ட் வைத்து மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். குடும்பம் அதை ‘ஹார்ட் ஆபரேஷன்’ என்றுதான் சொல்லும். பைபாஸுக்கான இலக்கணத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது இந்த ஸ்டென்ட் சிகிச்சை, வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறது. மாரடைப்பும் வந்ததற்கான ஆதாரம் இல்லையென்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஆஞ்சியோபிளாஸ்டியைத் தனி இனமாகச் சேர்த்து, முழுத் தொகை இல்லாவிட்டாலும் ஒரு பகுதி தரும் பாலிசிகள் உண்டு. இரண்டு கொட்டேஷனுக்கும் 800, 1000 ரூபாய்தான் வித்தியாசம் என்றால், இது இருக்கிற பக்கம் போவேன். 60 நோய்ப் பட்டியலைவிட இந்த ஒன்று மேல்.

காத்திருப்புக் காலம் பெரும்பாலும் 90 நாள். அதற்குள் நோய் தெரியவந்தால் இல்லை. அதோடு, நோய் உறுதியான பிறகு பல பாலிசிகளில் 30 நாள் உயிரோடு இருக்க வேண்டும். சிலவற்றில் இது 15 அல்லது 14 நாள். ராத்திரி நெஞ்சுவலி வந்து விடிவதற்குள் போய்விட்டால் இந்தப் பாலிசி ஒன்றும் தராது, டேர்ம் பாலிசிதான் தரும். டேர்ம் இல்லாதவரிடம் முதலில் அதை எடுக்கச் சொல்வேன்.

கடனோடு வரும் பாலிசி

மைத்துனனுக்கு வந்ததில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது இது. வீட்டுக் கடன் போடும் இடத்தில் கையெழுத்துக் கட்டோடு கட்டாக ஒரு படிவம் வரும். ஒரே பிரீமியம் 30,000, அதையும் கடனிலேயே சேர்த்துவிடுகிறோம், இப்போது கையிலிருந்து ஒன்றும் தர வேண்டாம் என்பார்கள். 9% வட்டியில் 20 வருஷக் கடன் என்றால் அந்த 30,000-க்கு மட்டும் இஎம்ஐ மாதம் 270 ரூபாய். 240 மாதத்தில் கட்டி முடிப்பது சுமார் 64,800. பாதுகாப்போ இவன் காகிதத்தில் ஐந்து வருஷம்தான். ஆறாவது வருஷத்திலிருந்து பதினைந்து வருஷம், இல்லாத பாலிசிக்கு இஎம்ஐ. அதோடு, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி எடுக்கப்பட்டுவிட்டது, குரூப் பாலிசிக்கு 18% தொடர்கிறது. கடன் வேண்டுமானால் இந்தப் பாலிசி கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை. “வேண்டாம் சார், தனியா வச்சிருக்கேன்” என்று சொன்னால் போதும்.

ஜிஎஸ்டி பேச்சு வந்ததால் ஒன்று: பழைய கொட்டேஷனையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். வரியோடு 11,800 இருந்தது வரி போனால் 10,000. நிறுவனம் விலையைக் குறைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

80டி என்று சொல்லப்படும், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான வருமான வரிச் சலுகையைக் காட்டியும் விற்பார்கள். பழைய முறையில் வரி கட்டுகிறவருக்கு 25,000 வரை கழிவு, மூத்த குடிமக்களுக்கு 50,000. புதிய முறையில் அது கிடையாது, இப்போது பொதுவான முறை அதுதான். விவசாய வருமானத்துக்கு வரியே இல்லை, கடை வருமானமும் புதிய முறையின் வரம்புக்குள் அடங்கிவிடும் ஆளிடம் ‘வரி மிச்சம்’ என்று சொல்லி விற்பது வேடிக்கை. கணக்குப் போடுகிறவனாக இதை அடித்துச் சொல்கிறேன்.

புற்றுநோய்க்கு மட்டும்

விலை கம்மி, அதில் சந்தேகமில்லை. இந்த வகையில் பலவற்றில் ஆரம்பக் கட்டத்துக்கே தொகையில் கால்வாசி தருகிறார்கள். பொதுப் பாலிசியில் இல்லாத வசதி இது. காத்திருப்பு மட்டும் 180 நாள் வரை போகும். பிரஷர் இருக்கிற, வீட்டில் இருதய நோய் வரலாறு இருக்கிற ஆணுக்கு இதை மட்டும் எடுத்துக் கொடுப்பது முன்வாசலைத் திறந்துபோட்டுவிட்டுக் கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போடுகிற வேலை. ஆனால் மைத்துனன் மனைவி விஷயம் வேறு. அவர் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது. படுத்தாலும் விடுப்பும் சம்பளமும் ஓரளவு உண்டு, சிகிச்சைக்கு அரசு ஊழியர் காப்பீடு உண்டு. அவருக்குச் சிறிய தொகையில் இது பொருந்தும். தாயாருக்கு வந்த நோயைப் படிவத்தில் எழுத வேண்டும், பிரீமியம் ஏறினாலும் பரவாயில்லை.

பிரஷர் மாத்திரையையும் அப்படித்தான். “அத போட்டா ஜாஸ்தி கேப்பாங்க அத்தான், ஏஜென்ட் வேணாங்குறாரு” என்றான். கேட்பார்கள்தான். நூற்றுக்குப் பத்தோ இருபதோ ஏற்றினாலும், வருஷம் ஆயிரம் சொச்சம். அதை மிச்சம் பிடிக்கப் போய் 10 லட்சத்தைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. மருத்துவப் பாலிசியில் தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால் மோசடி தவிர வேறு காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2024-இல் விதி வந்தது உண்மை. ஆனால் தெரிந்தே மறைத்ததை மோசடி என்று வாதிட இடம் இருக்கிறது. மருந்துக்கடை பில்லும் டாக்டர் சீட்டும் எங்கேயும் போய்விடாது. மெடிக்கல் டெஸ்ட் எடுக்கச் சொல்கிற நிறுவனத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டெஸ்ட் எடுத்துப் பாலிசி கொடுத்தவன் பிறகு பேச்சு மாற்றுவது கடினம்.

மைத்துனனுக்கு நான் சொன்னது இதுதான்: டேர்ம் பாலிசி எப்படியும் எடுக்கப் போகிறாய், அதில் 10 லட்சத்துக்குக் கூடுதலாகத் தரும் ரைடரைக் கேள், ஆஞ்சியோபிளாஸ்டி உள்ளே இருக்கிறதா பார். இல்லையென்றால், அது இருக்கிற தனிப் பாலிசியின் விலையோடு ஒருமுறை ஒப்பிடு. பிரீமியத் தேதியைத் தை, மாசி பக்கம் வைத்துக்கொள், சம்பா அறுத்து நெல் கொள்முதல் பணம் கைக்கு வரும் நேரம். இரண்டு நிறுவனத்தில் விசாரித்தான். முதலாவது பிரஷருக்காகப் பிரீமியத்தை ஏற்றியது, இரண்டாவது ஏற்றவில்லை, ஆனால் அதன் ரைடர் உள்ளேயிருந்து எடுத்துத் தரும் வகை. முதலாவதையே எடுத்தான்.

பாலிசி பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. இலக்கணப் பக்கங்களைப் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். மெடிக்கல் டெஸ்ட் செலவு, முத்திரைக் கட்டணம் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள். பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் டீச்சர் இருக்கிறார், படித்துச் சொல்வார். இல்லாதவர்கள் விலக்குகள் என்ற பகுதியையும் மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் மூன்றின் இலக்கணத்தையும் மட்டுமாவது பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், மொத்தம் நாலு பக்கம்கூட வராது.